வைட்டமின் டி3 சொட்டு மருந்து: வாங்கலாமா?

எண்ணெயில் கரைத்த இந்த டி3 சொட்டு மருந்தைக் கொஞ்ச காலமாக எடுத்து வருகிறேன், எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு சொட்டில் 400 ஐ.யூ. (வைட்டமினை அளக்கும் சர்வதேச அலகு), அதாவது 10 மைக்ரோகிராம் என்று இரண்டு கணக்கிலும் லேபிளில் தெளிவாகப் போட்டிருக்கிறார்கள். வாசனை கிடையாது, சுவையும் இல்லை என்றே சொல்லலாம். கொழுப்பில் கரையும் வைட்டமின் என்பதால் வெறும் வயிற்றில் வேண்டாம், சாப்பாட்டோடு எடுங்கள்.

குறை என்றால் அந்தப் பாட்டிலின் மூக்குதான். கவிழ்த்தால் ஒன்றுமே வராது, லேசாகத் தட்டினால் இரண்டு சொட்டு சேர்ந்து விழுந்துவிடும். பெரியவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை, ஆனால் கைக்குழந்தைக்குக் கொடுப்பவர்கள் தயவுசெய்து நேராக வாயில் விடாமல் ஸ்பூனில் விட்டு எண்ணிப் பார்த்துக் கொடுங்கள், ஏனென்றால் மிஞ்சியது உடம்பிலேயே தங்கும், தொடர்ந்து அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, சிறுநீரகக் கல் வரை கொண்டுபோய் விடும். பெரியவர்களுக்குத் தினமும் 600 ஐ.யூ., 70 வயதைத் தாண்டியவர்களுக்கு 800 போதும். பெரியவர்கள் மருத்துவர் சொல்லாமல் 4000-ஐத் தாண்டவே கூடாது.

அப்புறம், சோர்வெல்லாம் பறந்துபோகும் என்று அட்டையில் எழுதியிருப்பதை நான் ஏற்கவில்லை. குடல் கால்சியத்தை உறிஞ்ச உதவுவதுதான் இதன் முக்கிய வேலை. குறைந்தால் குழந்தைகளுக்கு ரிக்கெட்ஸ் (எலும்பு மென்மையாகி வளையும் நோய்) வரும், பெரியவர்களுக்கு எலும்பு மெலியும், வலிக்கும். குறைபாடே இல்லாதவர் குடித்துத் தெம்பு வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். சந்தேகம் இருந்தால் உடம்பில் வைட்டமின் டி எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் 25-ஹைட்ராக்ஸி ரத்தப் பரிசோதனை செய்து பாருங்கள். மாத்திரை விழுங்கச் சிரமப்படும் முதியவர்களுக்கு இதைத் தாராளமாக வாங்கலாம்.