வீட்டுத் தொழிலுக்கு எந்தக் குணம் கைகொடுக்கும்?

வீட்டிலிருந்தபடியே தொழில் தொடங்கப் போகிறேன் என்றால் "என்ன தொழில்?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். "உங்கள் சுபாவம் எப்படி?" என்று யாரும் கேட்பதில்லை. தையலோ, மொழிபெயர்ப்போ, கணக்கு எழுதுவதோ, ஒரே வேலையை ஒருவர் ஆண்டுக்கணக்கில் நடத்துகிறார். அதே அளவு கைத்திறன் உள்ள இன்னொருவர் ஆறு மாதத்தில் மூட்டை கட்டிவிடுகிறார். எதிரெதிரான சில குணங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் காரணம் ஓரளவு பிடிபடும்.

முதலில் துடிப்பும் ஒழுங்கும். துடிப்பானவருக்குத் தொடக்கம் எளிது. பெயர், லோகோ, முதல் விளம்பரம் எல்லாம் ஒரே மூச்சில் முடிந்துவிடும். ஆனால் சில மாதங்களில் வந்து நிற்கும் வேலைகள் வேறு மாதிரியானவை: பில் போடுவது, செலவு ரசீதுகளை அடுக்கி வைப்பது, விசாரித்துவிட்டுக் காணாமல் போனவருக்கு மறுபடி எழுதுவது. அலுவலகத்தில் இவற்றைப் பார்க்க வேறொருவர் இருப்பார், இல்லாவிட்டால் மேலதிகாரி கேட்பாரே என்ற பயமாவது இருக்கும். வீட்டில் கேட்க ஆளில்லை. தொழில்முனைவோரையும் நிறுவன மேலாளர்களையும் ஒப்பிட்ட பல ஆய்வுகளை ஜாவ், சைபர்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 2006-இல் தொகுத்துப் பார்த்தார்கள். எடுத்ததை முறையாக முடிக்கும் குணத்திலும் புதியதை வரவேற்கும் மனப்பாங்கிலும் தொழில்முனைவோர் மேலாளர்களை மிஞ்சியிருந்தனர். துடிப்பு, ஒழுங்கு இரண்டில் ஒன்றுதான் என்றால் என் ஓட்டு ஒழுங்குக்கே. அதுவும் அளவு மீறினால் வம்புதான். விலைப்பட்டியலை அழகுபடுத்திக்கொண்டே வாடிக்கையாளரை அழைக்காமல் நாளைக் கடத்துபவர்களும் உண்டு.

கலகலப்பா, தனிமை விருப்பமா என்பதை அதிகம் அலச வேண்டியதில்லை. வாய் உள்ள பிள்ளைதான் பிழைக்கும் என்ற நம்பிக்கையை மேலே சொன்ன தொகுப்பு ஆதரிக்கவில்லை. கலகலப்பில் தொழில்முனைவோருக்கும் மேலாளர்களுக்கும் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. கூச்சக்காரர் எழுத்திலேயே பாதி வியாபாரத்தை முடித்துவிடலாம். பகல் முழுவதும் பேச்சுத்துணை இல்லாமல் தவிக்கிறவர்தான் யோசிக்க வேண்டும். அவருக்குக் கணக்கு எழுதுவதைவிட வகுப்பு எடுப்பது பொருந்தும்.

உண்மையான போட்டி இளகிய மனத்துக்கும் கறாருக்கும் இடையில்தான். இரவு ஒன்பது மணிக்கு வாடிக்கையாளர் அழைக்கிறார்: "ஒரு சின்னத் திருத்தம்தான், ஐந்து நிமிட வேலை." இளகியவர் "பரவாயில்லை, அனுப்புங்கள்" என்கிறார். அந்த ஐந்து நிமிடம் ஒரு மணி நேரமாகிறது, அடுத்த வாரமும் வருகிறது, பில்லில் மட்டும் ஏறுவதில்லை. கறாரானவர் இப்படிச் சொல்கிறார்: "அனுப்புங்கள், பார்க்கிறேன். பேசியபடி இரண்டு திருத்தங்கள் முடிந்துவிட்டன, இதற்குத் தனிக் கட்டணம் ஆகும். நாளை மாலை தந்துவிடுகிறேன்." குரலில் கடுமை இல்லை. கறார் என்றால் சிடுசிடுப்பு என்று நினைப்பவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும்.

வெளியாரைச் சமாளித்தாலும் வீட்டார் இருக்கிறார்கள். "நீ வீட்டில்தானே இருக்கிறாய், பார்சல் வந்தால் வாங்கி வைத்துவிடு" என்பதில் தொடங்கி, வங்கிக்குப் போவது, விருந்தாளியைக் கவனிப்பது என்று நீளும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினால் வேலை நள்ளிரவுக்குத் தள்ளிப்போகும். பிறருக்கு இணங்கிப் போகும் குணத்தில் தொழில்முனைவோர் மேலாளர்களைவிடப் பின்தங்கியிருந்ததாகவும் அந்தத் தொகுப்பு சொல்கிறது; எனக்கு அது வியப்பாக இல்லை. இளகியவருக்கும் வழி இல்லாமல் இல்லை. வாயால் மறுக்க முடியாததைத் தாளில் மறுக்கலாம்: பாதி முன்பணம், இரண்டு திருத்தங்கள், பதினைந்து நாளில் பாக்கி என்று தொடக்கத்திலேயே எழுதிக் கொடுத்துவிட்டால், பிறகு முகத்தைப் பார்த்துப் பேச வேண்டிய சங்கடம் பெருமளவு குறையும்.

வேலைக்கும் வீட்டுக்கும் கோடு போடும் விதத்திலும் இரண்டு வகையினர் உண்டு. சமூகவியலாளர் கிறிஸ்டீனா நிப்பர்ட்-எங் 1990-களில் இதை விரிவாக ஆராய்ந்தார். சாவிக்கொத்தைக்கூட வேலைக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று பிரித்து வைப்பவர்கள் ஒரு வகை. எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து வாழ்பவர்கள் மற்றொரு வகை. இதில் உயர்வு தாழ்வு இல்லை. பிரித்து வாழ்பவருக்குத் தனி மேசை, கதவு, முடிக்கும் நேரம் இல்லாவிட்டால் வேலையே ஓடாது. கலந்து வாழ்பவர் குழந்தைக்குப் பாடம் சொல்லிக்கொண்டே ஆர்டருக்குப் பதில் எழுதிவிடுவார். ஆனால் அவருக்கு வேலை என்றைக்கும் முடியாது.

கடைசியாகத் துணிச்சலும் எச்சரிக்கையும். பெயரெல்லாம் துணிந்தவருக்கே கிடைக்கிறது. அமெரிக்கத் தரவுகளை வைத்து ரஃபீ, ஃபெங் இருவரும் 2014-இல் வெளியிட்ட ஆய்வு வேறு கதை சொல்கிறது. சம்பள வேலையில் இருந்துகொண்டே தொழிலைத் தொடங்கி, பிறகு முழுநேரத்துக்கு மாறியவர்கள் அதைக் கைவிடும் வாய்ப்பு, எடுத்த எடுப்பிலேயே வேலையை உதறியவர்களைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. இடம் பிடிக்க வாடகை, முன்தொகை எதுவும் வேண்டாத வீட்டுத் தொழில் இந்த வழிக்கு வாகாக அமைகிறது. பயந்த சுபாவம் உள்ளவர் மாலை நேரத்தில் எவ்வளவு வேலையை முடித்துத் தர முடிகிறது, பில் பணம் சொன்ன தேதியில் வருகிறதா என்று சில மாதங்கள் பார்க்கட்டும். ராஜினாமாக் கடிதத்துக்கு அவசரமில்லை.