கட்டாயக் காப்பீடா, கட்டணக் கடிவாளமா?

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 2006இல் கட்டுப்படியாகும் பெரியவர்கள் எல்லோரும் மருத்துவக் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் போட்டது. தவறினால் வரிக்கணக்கோடு அபராதம். நோயாளிகள் மட்டும் சேர்ந்தால் பிரீமியம் ஏறும், ஏறினால் உடம்பு திடமாக இருப்பவர்கள் நழுவுவார்கள், மறுபடி ஏறும். அந்தச் சுழலை உடைப்பதுதான் நோக்கம். காப்பீடு இல்லாதவர்கள் வெகுவாகக் குறைந்தார்கள். மருத்துவமனை பில்லோ இறங்கவில்லை. செலவைக் கட்டுப்படுத்த 2012இல் தனிச் சட்டம் தேவைப்பட்டது.

இன்னொரு மாநிலமான மேரிலாந்து 1970களிலேயே நேராக பில்லில் கைவைத்தது. மருத்துவமனைக் கட்டணத்தை மாநில ஆணையம் நிர்ணயிக்கிறது. ஒரே மருத்துவமனையில் எடுக்கும் எக்ஸ்ரேவுக்கு எந்தக் காப்பீட்டு நிறுவனமானாலும் ஏறக்குறைய ஒரே தொகைதான். (மற்ற மாநிலங்களில் அது ஒவ்வொரு காப்பீட்டு நிறுவனமும் மருத்துவமனையோடு தனித்தனியே பேசும் பேரம்.) மருத்துவர்களின் தனிக் கட்டணம் இந்த வரம்புக்குள் வராது என்பது பெரிய ஓட்டை. இருந்தும் என் ஓட்டு மேரிலாந்துக்கே.