எஸ்டிக்யூ கேள்வித்தாள்: முன்பக்கத்த விட பின்பக்கம்தான் வொர்த்

புள்ள பண்றது வெறும் சேட்டையா இல்ல டாக்டர்கிட்ட காட்டணுமான்னு யோசிச்சு மண்ட காயுறவங்களுக்கு இந்த ரிவ்யூ. எஸ்டிக்யூன்னு (Strengths and Difficulties Questionnaire) புள்ளைங்க மனசு, நடத்தை பத்தி கேக்கற ஒரு கேள்வித்தாள், ராபர்ட் குட்மேன்னு ஒரு குழந்தைகள் மனநல டாக்டர் 1997ல வெளியிட்டது, பேப்பர் வெர்ஷன் ஃப்ரீ, பல மொழில கிடைக்குது.

முன்பக்கத்துல மொத்தம் 25 வரி. பயம் கவலை, அடம் சண்டை, ஒரு இடத்துல உக்காராம துறுதுறுன்னு இருக்கறது, மத்த பசங்களோட பழகறது, அடுத்தவங்களுக்கு உதவறதுன்னு அஞ்சு பகுதி. போன ஆறு மாசத்த வச்சு டிக் அடிக்க சொல்றாங்க, அதனால நேத்து நடந்த ஒரு ரகளைய வச்சு புள்ளைய எடை போட முடியாது, அது எனக்கு ரொம்ப புடிச்சுது. ஆனா மார்க் போடும்போது உஷார், இதுல மார்க் ஏறுனா பிரச்னை அதிகம்னு அர்த்தம். "சொன்னா கேப்பான்", "ஒரு நல்ல ஃப்ரெண்டாவது இருக்கு" மாதிரி அஞ்சு வரிக்கு மார்க் தலைகீழா வரும், அத கவனிக்காம கூட்டுனா நல்ல புள்ளைக்கும் ஸ்கோர் எகிறிடும். உதவுற குணத்துக்கு உள்ள மார்க்க மொத்தத்துல சேக்கவே கூடாது. பெத்தவங்க ஃபார்ம்ல 40க்கு 13 வரைக்கும் நார்மல், 14லேருந்து 16 நடுவாந்தரம், 17லேருந்து மேல போனா கவனிக்கணும்.

நிறைய பேர் இந்த நம்பரோட நிறுத்திடறாங்க. என்ன கேட்டா சரக்கே பின்பக்கத்துல தான் இருக்கு. இந்த கஷ்டம் எத்தன நாளா இருக்கு, இதனால புள்ள மனசு வேதனப்படுதா, வீட்ல, ஃப்ரெண்ட்ஸ்கிட்ட, க்ளாஸ்ல, விளையாட்டுல இடைஞ்சலா இருக்கான்னு கேக்குது. ரெண்டு புள்ளைங்களும் ஒரே மாதிரி துறுதுறுன்னு இருக்கலாம், ஒன்னு நல்லா படிக்கும் கூட்டத்தோட ஆடும், இன்னொன்ன யாருமே ஆட்டத்துல சேத்துக்க மாட்டாங்க, முன்பக்கத்துல ரெண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே டிக் தான் விழும், பின்பக்கம் தான் வித்தியாசம் காட்டும். குடும்பத்துக்கு பாரமா இருக்கான்னும் ஒரு கேள்வி உண்டு, ஆனா புள்ளைக்கு எவ்ளோ பாதிப்புன்னு பின்பக்கத்துக்கு போடற தனி ஸ்கோர்ல அதுக்கு மார்க் கிடையாது, அதாவது நமக்கு டயர்டா இருக்குங்கறதுக்காக புள்ளைக்கு பிரச்னைன்னு ஆயிடாது (பெத்தவங்களுக்கு கொஞ்சம் கடுப்பாதான் இருக்கும்!).

வயசுக்கு ஏத்த ஃபார்ம் எடுங்க. 2லேருந்து 4 வயசுக்கு தனி ஃபார்ம், அதுல பொய் சொல்றது, திருடறது ரெண்டும் இல்ல, பதிலா பெரியவங்ககிட்ட எதிர்த்து வாதாடறது மாதிரி வரி வச்சிருக்காங்க. நியாயம் தானே, அந்த வயசுல பொய் பேச ஆரம்பிக்கறதே வளர்ச்சில ஒரு பகுதி. ஆனா 4லேருந்து 17 வரைக்கும் பெத்தவங்க ஃபார்ம் கிட்டத்தட்ட ஒன்னு தான், நாலு வயசு நெளியறதையும் பதினாலு வயசு நெளியறதையும் ஒரே வரில டிக் பண்ணனும், அதுக்கு ஒரு ஸ்டார் கட்.

பேச்சு லேட்டாகறது, தூக்கம், படுக்கைல ஒன்னுக்கு போறது இதெல்லாம் இதுல வராது. நோய் பேரும் சொல்லாது.

டீச்சருக்கும் தனி ஃபார்ம் இருக்கு, கட்டாயம் அதையும் வாங்குங்க. அதுல 11 வரைக்கும் தான் நார்மல். வீட்ல மட்டும் எகிறி ஸ்கூல்ல சாதாரணமா வந்தா டாக்டர் வேற கேள்வி கேப்பாரு, ரெண்டு எடத்துலயும் எகிறினா வேற, அதனால ஸ்கோர மட்டும் வாயால சொல்லாம ரெண்டு ஃபார்மையும் அப்படியே கைல எடுத்துட்டு போங்க. 4/5.