லோக் அதாலத்தா, தீர்ப்பா? விபத்து இழப்பீட்டில் ஒரு கணக்கு

ஜி.எஸ்.டி. சாலையில், பெருங்களத்தூர் பக்கம், கார் இடித்து என் மச்சானுக்கு முழங்கால் போனது. வழக்கு நடக்கும்போதே இன்சூரன்ஸ் தரப்பு சமரசத்துக்குக் கூப்பிட்டது. லோக் அதாலத்தில் (இரு தரப்பும் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றம்) முடிப்பதா, விபத்து இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயத்தின் தீர்ப்புவரை போவதா? நாங்கள் தீர்ப்புக்குப் போனோம். அதனால் சாய்ந்துதான் எழுதுகிறேன்.

எந்த வழியானாலும் எஃப்.ஐ.ஆர்., ஆஸ்பத்திரியின் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பி, டிஸ்சார்ஜ் சம்மரி, பில்கள் வேண்டும். 2022 ஏப்ரலில் நடப்புக்கு வந்த மோட்டார் வாகனச் சட்டத் திருத்தப்படி விபத்து நடந்து 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும். விபத்து நடந்த ஊரிலும் போடலாம், குடியிருக்கும் ஊரிலும் போடலாம்.

லோக் அதாலத்தின் பலம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: சீக்கிரம் முடியும், கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்ப வரும். அங்கே முடிந்ததற்கு மேல்முறையீடு கிடையாது என்பதால் கம்பெனி ஹைகோர்ட்டுக்கு இழுத்தடிக்க முடியாது. அதே பூட்டு நமக்கும்தான். இரண்டு வருடம் கழித்து மூட்டு மாற்ற வேண்டும் என்று டாக்டர் சொன்னால், திரும்பிப் போய்க் கேட்க இடமில்லை.

எங்களைத் தீர்ப்புப் பக்கம் தள்ளியது ஊனக் கணக்கு. சமரசப் பேச்சில் பெரும்பாலும் ஒரு சதவீதத்துக்கு இவ்வளவு என்றுதான் பேரம் நடக்கும். 20 சதவீத ஊனம், சதவீதத்துக்கு 5,000 ரூபாய் என்று வைத்தால் ஒரு லட்சம். மருத்துவச் செலவு, வலி வேதனைக்கு எல்லாம் தனி. ஆனால் 2010இல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது வேறு: உடம்பில் எத்தனை சதவீதம் என்பதோடு நிற்காமல், அந்த ஊனம் அந்த ஆளின் பிழைப்பை எவ்வளவு கெடுக்கிறது என்று பார்க்க வேண்டும். மச்சான் டைல்ஸ் ஒட்டுகிறவர். குத்துக்காலிட்டு உட்கார முடியாதவருக்கு அந்த வேலையே இல்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவருக்கு அதே முழங்கால் அவ்வளவு நஷ்டமில்லை.

உதாரணத்துக்கு வயது 38, மாத வருமானம் 15,000 என்று வைப்போம். 40 வயதுக்குள் இருக்கிற சுயதொழில்காரருக்கு எதிர்கால வருமான உயர்வு என்று 40 சதவீதம் சேர்த்தால் 21,000. வருடத்துக்கு 2,52,000. அந்த வயதுக்கான பெருக்கு எண் (வருட இழப்பை எத்தனையால் பெருக்குவது என்பது) 15, ஆக 37,80,000. பிழைப்பு இழப்பு 20 சதவீதம் என்றே எடுத்தாலும் 7,56,000 வரும். ஒரு லட்சம் எங்கே, இது எங்கே! மனு போட்ட நாளிலிருந்து வட்டியும் உண்டு; தமிழ்நாட்டில் 7.5 சதவீதம் அடிக்கடி பார்க்கலாம். காத்திருந்த காலம் முழுக்க வீண் இல்லை.

இது தானாக வந்துவிடாது. மெடிக்கல் போர்டு சான்றிதழ் வேண்டும், வேலை கொடுத்த மேஸ்திரி கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டும், குறுக்கு விசாரணையில் வருமானத்தைத் தோண்டுவார்கள். கம்பெனி மேல்முறையீட்டுக்குப் போனால் இன்னும் தள்ளிப்போகும். நடுவில் வீட்டை ஓட்ட வேறொரு சம்பாத்தியம் இருந்ததால் எங்களால் தாங்க முடிந்தது. அது இல்லாத வீட்டுக்கு இதையே சொல்லத் தயக்கமாக இருக்கிறது. உயிரிழப்பு வழக்கு எதையும் நான் பக்கத்திலிருந்து பார்த்ததில்லை.

எலும்பு நன்றாகக் கூடி, பழையபடி வேலைக்குப் போகிறவர் லோக் அதாலத்திலேயே முடித்துக்கொள்ளலாம். அங்கே பேச்சு படியாவிட்டால் வழக்கு மறுபடி தீர்ப்பாயத்துக்கே வந்துவிடும் என்பதால், போய் உட்கார்ந்து தொகையைக் கேட்பதில் நஷ்டமில்லை. மெடிக்கல் போர்டு சான்றிதழ் கைக்கு வந்தபிறகு போங்கள்.