சைஸ்மிக் யூனிக்ஸ்: பிளவுறும் கடற்படுகைகளைப் படிக்க உதவும் மென்பொருள்

கண்டம் இழுபட்டு மெலிந்து பிளந்து, அங்கே புதிய கடற்படுகை உருவாவதை நிலஅதிர்வுப் படங்களின் (அதிர்வலைகளின் எதிரொலியைக் கொண்டு நிலத்தடியைக் காட்டும் படங்கள்) வழியே ஆராய விரும்பும் மாணவர்களுக்கு, கொலராடோ சுரங்கவியல் கல்லூரி இலவசமாக வழங்கும் இந்த மென்பொருளைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். தரவை வடிகட்டுவது, அலைவேகத்தைக் கணிப்பது, சாய்ந்த அடுக்குகளைப் படத்தில் உரிய இடத்துக்கு நகர்த்துவது என ஒவ்வொரு படிக்கும் தனிச் சிறுநிரல் இருப்பதால், எந்தப் படி படத்தை எப்படி மாற்றுகிறது என்பது கண்ணெதிரே தெரிகிறது.

இந்தத் தெளிவு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. உதாரணமாக, ஸ்பெயினுக்கு மேற்கே கடலடியிலுள்ள கலீசியா கண்ட விளிம்பின் படங்களில், சாய்ந்து கிடக்கும் மேலோட்டுத் துண்டுகளின் அடியில் 'எஸ்' எனப்படும் வலுவான எதிரொலிப்பு ஒன்று தெரிகிறது. மேலோட்டை, அதற்குக் கீழே நீரேறி மாறிய மேன்டில் பாறையிலிருந்து பிரிக்கும் பெயர்ச்சித்தளமாக (பாறைகள் வழுக்கி நகர்ந்த பிளவுத்தளம்) அதைப் பலரும் விளக்குகிறார்கள். அலைவேகத்தைத் தவறாகக் கணித்தால் அதன் சாய்வும் வளைவும் மாறி, விளக்கமே தடம் புரளும். ஆகவே ஒவ்வொரு படியையும் கையால் செய்து பழகுவது வீண் உழைப்பன்று.

கட்டளைகளைத் தட்டச்சு செய்து கட்டளைவரியில் இயக்க வேண்டியிருப்பது தொடக்கத்தில் கடினம்தான். 2013இல் அதே விளிம்பில் திரட்டியது போன்ற முப்பரிமாணப் பெருந்தரவுக்கு இது ஏற்றதன்று. கடலடி நிலஅதிர்வுமானிகள் பதியும் விலகல் அலைகளை (பாறை அடுக்குகளில் வளைந்து சென்று திரும்பும் அலைகள்) கொண்டு ஆழத்தின் அலைவேகத்தை வரைவதற்கும் வேறு நிரல்கள் தேவைப்படும்.