ராத்திரி நேர டாப்ளர் ஸ்கேன்: டாக்டருக்கு அஞ்சு ஸ்டார், கவுன்டருக்கு ஒண்ணு

சென்டர் பேர் போடல, ஏன்னா திட்டவும் போறேன். 24 மணி நேரமும் திறந்திருக்கும்னு போர்டு வச்சிருக்காங்க, அது உண்மைதான்.

பையனுக்கு 13 வயசு. திடீர்னு அடிவயிறு வலி, வாந்தி, அப்புறம் வெக்கப்பட்டுக்கிட்டே கீழ விதையிலதான் வலின்னான். டியூட்டி டாக்டர் தொட்டுப் பாத்ததுமே, இது டார்ஷனா இருக்கும், விதை முறுக்கிக்கிட்டா ரத்த ஓட்டம் நின்னுடும், வலி ஆரம்பிச்சு 6 மணி நேரத்துக்குள்ள சரி பண்ணிட்டா பெரும்பாலும் காப்பாத்திடலாம், ரத்த ஓட்டத்தைக் காட்டற டாப்ளர் ஸ்கேனுக்கு ஓடுங்கன்னு சீட்டு எழுதிக் குடுத்தாங்க.

இங்க கவுன்டர்ல என்னடான்னா, சீட்டுல அர்ஜென்ட்னு போட்டிருக்கறத பாக்கக்கூட இல்ல, டோக்கனைக் குடுத்து ஒரு லிட்டர் தண்ணி குடிக்க வைங்க, யூரின் முட்டுனதும் சொல்லுங்கன்னாங்க. வாந்தி எடுக்கற புள்ளைக்கு! எல்லா ஸ்கேனுக்கும் ஒரே பாட்டு. நல்லவேளை சத்தம் கேட்டு ஸ்கேன் டாக்டரம்மாவே வெளிய வந்தாங்க. விதை ஸ்கேனுக்கு தண்ணியே வேணாம், ஆபரேஷனுக்கு மயக்க மருந்து குடுக்க வேண்டி வரும், வாயில ஒண்ணும் ஊத்தாதீங்கன்னு உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க.

அவங்க வேலைய பத்தி சொல்லியே ஆகணும். ரூம்ல என்னைத் தவிர எல்லாரையும் அனுப்பிட்டு, பையன் மேல துண்டு போட்டு மூடி, முதல்ல வலி இல்லாத பக்கம் ப்ரோப் வச்சாங்க. அதுல சிவப்பும் நீலமுமா ரத்தம் ஓடறது தெரியுது. அதே செட்டிங்கை மாத்தாம வலிக்கற பக்கம் வச்சா, வீங்கிப் போய் வெறும் சாம்பல் கலரு, ஒரு புள்ளி கலர் இல்ல. அதோட விடாம தொடை இடுக்கு வரைக்கும் நகத்திப் பாத்தாங்க, விதைக்குப் போற நரம்புக்கொடி ஆத்துச் சுழி மாதிரி சுத்திக்கிட்டு இருந்துச்சு. இன்ஃபெக்ஷன்னா ரத்த ஓட்டம் கூடித்தான் தெரியும், ஆனா பாதி முறுக்கா இருந்தா கொஞ்சம் கலர் வரலாம், அதனால கொடியை பாக்காம டார்ஷன் இல்லைனு சொல்லக்கூடாதாம்.

ரிப்போர்ட் டைப் ஆகறவரைக்கும் உக்கார வைக்கல, அங்கிருந்தே சர்ஜனுக்கு போன் போட்டுட்டு கையாலயே ரெண்டு வரி எழுதிக் குடுத்து அனுப்பிட்டாங்க. விதை பிழைச்சிடுச்சு, இன்னொரு பக்கமும் முறுக்காம இருக்க ரெண்டையும் தையல் போட்டு நிறுத்திட்டாங்க. சர்ஜன் சொன்னது: அறிகுறி தெளிவா இருந்து பக்கத்துல ஸ்கேன் கிடைக்கலைன்னா தேடி அலையாதீங்க, நேரா வாங்க, திறந்தே பாத்துடலாம்.

நைட் சார்ஜ் எக்ஸ்ட்ரா, பரவால்ல. ஆனா ஸ்கேன் ரூம் முதல் மாடியில, லிஃப்ட் கிடையாது, நடக்க முடியாத புள்ளைய தூக்கிட்டுத்தான் ஏறணும், ஓனர் சார் அதுக்கு ஒரு வழி பண்ணுங்க.