பழைய லேப்டாப்புக்கு லினக்ஸ்: மின்ட்டா, ஃபெடோராவா?

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு நின்றுவிட்டது. என்னுடையது நான்காம் தலைமுறை ஐ5 லேப்டாப். விண்டோஸ் 11 கேட்பதோ எட்டாம் தலைமுறைக்குக் குறையாத இன்டெல் புராசஸரும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும். எஸ்எஸ்டி போட்டு நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் மெஷினைத் தூக்கிப்போட மனமில்லை. விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இயங்குதளம் லினக்ஸ், அதில் பல வகை உண்டு. அவற்றில் லினக்ஸ் மின்ட் (சின்னமன் பதிப்பு), ஃபெடோரா வொர்க்ஸ்டேஷன் இரண்டையும் மாறி மாறிப் போட்டு ஓட்டிப் பார்த்துவிட்டு மின்ட்டிலேயே தங்கிவிட்டேன்.

இரண்டுமே இலவசம். இரண்டையும் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரே ஆபிஸ் இரண்டிலும் உண்டு. தோற்றத்தைப் பொறுத்தவரை, மின்ட்டில் கீழே டாஸ்க்பாரும் இடது மூலையில் மெனுவும் இருப்பதால் விண்டோஸிலிருந்து வருபவருக்குக் கை தானாகப் போய்விடும். ஃபெடோராவின் திரை அமைப்பான க்னோம் கொஞ்சம் பழக வேண்டும், ஆனால் பழகிவிடும்.

ஃபெடோராவைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. டச்பேடில் மூன்று விரல் வைத்துத் தள்ளினால் திரைகள் வழுக்கிக்கொண்டு நகரும் அழகே தனி. தமிழ்99 விசைப்பலகையும் அங்கேதான் எளிது: செட்டிங்ஸில் கீபோர்டு பகுதிக்குப் போய் தமிழைச் சேர்த்தால் முடிந்தது. மின்ட்டில் 'இன்புட் மெத்தட்' கருவியைத் திறந்து, ஐபஸ் என்ற தட்டச்சு மென்பொருளையும் அதற்கான எம்17என் என்ற மொழித் தொகுப்பையும் நிறுவி, ஒருமுறை லாக்அவுட் ஆகி வர வேண்டும்.

ஆனால் முதன்முதலாக லினக்ஸ் போடுபவர் பார்க்க வேண்டியது பராமரிப்பைத்தான் என்பேன். நிறுவுவது ஒரு மதிய வேலை, அதற்கப்புறம் வருடக்கணக்கில் அதோடு குடித்தனம் நடத்த வேண்டுமே! ஃபெடோரா ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒரு புதுப் பதிப்பு விடும். ஒவ்வொன்றுக்கும் ஆதரவு சுமார் 13 மாதம்தான். ஆக, வருடத்துக்கு ஒருமுறையாவது மொத்த சிஸ்டத்தையும் அடுத்த பதிப்புக்கு ஏற்றியே தீர வேண்டும். மின்ட் 22 வரிசை உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸின் 24.04 பதிப்பை அடிப்படையாகக் கொண்டது, 2029 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். அதுவரை பெரிய மேம்படுத்தல் எதையும் தொடவே வேண்டாம்.

பழைய மெஷினில் இந்த வித்தியாசம் எங்கே உறைக்கும் என்றால், வைஃபையில். என் லேப்டாப்பில் இருப்பது பிராட்காம் சிப். அதை இயக்கும் மென்பொருளான டிரைவர் ஓப்பன் சோர்ஸ் (மூலநிரல் எல்லோருக்கும் திறந்தது) அல்ல, அதனால் ஃபெடோராவின் சொந்தக் களஞ்சியத்தில் (மென்பொருள்களை இறக்கிக்கொள்ளும் இடத்தில்) கிடைக்காது. ஆர்பிஎம் ஃப்யூஷன் என்ற வெளிக்களஞ்சியத்தைச் சேர்க்க வேண்டும், அதற்கே இன்டர்நெட் வேண்டும். (போனை யுஎஸ்பி கேபிளில் மாட்டி டெதரிங் போட்டால் இந்த முடிச்சு அவிழும்.) மேலும் ஃபெடோராவில் கர்னல் (சிஸ்டத்தின் மையப்பகுதி) வேகமாக மாறிக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு முறையும் அந்த டிரைவர் புதிய கர்னலுக்கு ஏற்ப மறுபடி உருவாக வேண்டும். மின்ட்டில் 'டிரைவர் மேனேஜர்' திறந்தால் அந்த சிப்பின் பெயரோடு டிரைவரையும் காட்டும். நெட் இல்லையென்றால் நிறுவப் பயன்படுத்திய பென்டிரைவிலிருந்தே எடுத்துக்கொள்ளும். டிக் அடித்து, ரீஸ்டார்ட் செய்தால் வைஃபை வந்துவிடும்.

இன்னொன்று டைம்ஷிஃப்ட். மின்ட்டோடு கூடவே வரும் இதை ஒருமுறை அமைத்துவிட்டால், சிஸ்டத்தின் நிலையைத் தினமும் வாரமும் சேமித்து வைக்கும். ஏதாவது அப்டேட் காலை வாரினால் நேற்றைய நிலைக்குத் திரும்பிவிடலாம். சிஸ்டமே எழவில்லையென்றாலும் பென்டிரைவில் பூட் செய்து மீட்கலாம். ஆனால் உங்கள் போட்டோக்களையும் ஃபைல்களையும் அது வழக்கமாகச் சேமிக்காது, அவற்றுக்குத் தனி பேக்கப் வேண்டும்.

நான் சொல்வதெல்லாம் இன்டெல் கிராபிக்ஸ் மட்டுமே உள்ள மெஷினை வைத்து. என்விடியா கார்டு உள்ளவர்களும் கேம் ஆடுபவர்களும் என் பேச்சை நம்பி முடிவெடுக்க வேண்டாம். போன வருடம் வாங்கிய புது லேப்டாப் என்றால் புதிய கர்னல் வரும் ஃபெடோராவையே முதலில் பாருங்கள். எதுவானாலும் டிஸ்க்கில் கை வைக்கும் முன் பென்டிரைவில் ஓட்டி வைஃபை, ஸ்பீக்கர், கேமரா மூன்றையும் சோதியுங்கள். மூடியைச் சாத்தித் திறந்தும் பாருங்கள், தூங்கிய மெஷின் விழிக்கிறதா என்று.